480 ரூபாய்க்கு ஒரு போக்சோ தண்டனைக் கையேடு: வாங்கலாமா?

சென்னையில் சட்டப் புத்தகங்களுக்குப் பேர்போன பாரிமுனைப் பக்கத்துக் கடையொன்றில் 2025 ஆகஸ்டில் இந்தக் கையேட்டை வாங்கினேன். அட்டை விலை 480 ரூபாய். கழிவு போக 430 ரூபாய் கொடுத்தேன். 312 பக்கங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் நீதிமன்றம் தண்டனையை எப்படி முடிவு செய்கிறது என்பதைத் தமிழிலேயே, வழக்கறிஞர் அல்லாதவருக்கும் புரியும்படி விளக்குவதாகப் பின்னட்டை சொல்கிறது. பிழைகளைத் திருத்துவதாகப் பதிப்பகத்தார் தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருப்பதால் புத்தகத்தின் பெயரையும் அவர்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. இந்தத் துறையில் எந்தக் கையேட்டை வாங்குவதானாலும் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கங்கள் எவை என்பதைச் சொல்வதற்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை.

நான் ஒரு மாவட்டத் தலைநகரின் மகிளா நீதிமன்றத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தரப்புக்கு உதவிவரும் வழக்கறிஞர். சாட்சிக்கூண்டுக்குப் போவதற்கு முன்போ போய்வந்த பின்போ, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எத்தனை வருஷம் மேடம் கிடைக்கும்?" அதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல நான் துணிந்ததே இல்லை. இந்தக் கையேடு துணிந்திருக்கிறது. அதன் 37ஆம் பக்கத்தில் பிரிவு, குற்றம், குறைந்தபட்ச ஆண்டு, அதிகபட்ச ஆண்டு என்று நான்கு பத்திகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. புத்தகத்தை வாங்குபவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு பக்கத்துக்காகவே வாங்குவார்கள் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அட்டவணையில் எண்கள் தவறாக இல்லை. ஊடுருவும் பாலியல் தாக்குதலுக்குப் பிரிவு 4இன்படி குறைந்தது 10 ஆண்டு. குழந்தை 16 வயதுக்கு உட்பட்டதானால் குறைந்தது 20 ஆண்டு. அதன் கடுமையாக்கப்பட்ட வகைக்கு (காவலர், உறவினர் போன்றோர் செய்வது, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் செய்வது முதலியன) பிரிவு 6இன்படி குறைந்தது 20 ஆண்டு, எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும் சிறை, அல்லது மரணம். ஊடுருவல் இல்லாத பாலியல் தாக்குதலுக்குப் பிரிவு 8இன்படி 3 முதல் 5 ஆண்டு, அதன் கடுமையாக்கப்பட்ட வகைக்குப் பிரிவு 10இன்படி 5 முதல் 7 ஆண்டு. எல்லாம் இன்றைய நிலவரப்படி சரி. ஆனால் குற்றம் நடந்த தேதிக்கு அட்டவணையில் பத்தியே இல்லை. போக்சோ சட்டம் 14.11.2012 அன்று நடைமுறைக்கு வந்தபோது பிரிவு 4இன் குறைந்தபட்சம் 7 ஆண்டு, பிரிவு 6இன் குறைந்தபட்சம் 10 ஆண்டு; மரண தண்டனை அதில் இல்லை. மேலே சொன்ன கூடுதல் தண்டனைகள் 16.8.2019 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் விளைவு. இடையில் 21.4.2018 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 12 வயதுக்கும் 16 வயதுக்கும் உட்பட்ட சிறுமிகள் தொடர்பாகக் கூடுதல் தண்டனைகள் சேர்ந்தன. 1.7.2024 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. ஒரே செயல் இரண்டு சட்டங்களின்கீழும் குற்றமாக வரும்போது எதில் தண்டனை கூடுதலோ அதையே விதிக்க வேண்டும் என்று போக்சோவின் பிரிவு 42 சொல்வதால், இந்த நான்கு தேதிகளும் தெரியாமல் அட்டவணையில் விரலை வைக்கவே முடியாது.

இது ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. குற்றம் நடந்தபோது நடைமுறையில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலான தண்டனையை யாருக்கும் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் உறுப்பு 20(1) சொல்கிறது. 2019 மே மாதம் சத்தீஸ்கரில் நடந்த ஒரு குற்றத்துக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி விசாரணை நீதிமன்றம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை என்று தீர்ப்பளித்தது; உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்மானத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தண்டனையைத் திருத்தத்துக்கு முந்தைய பொருளில், அதாவது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்ற கட்டாயம் இல்லாத, ஆயுள் தண்டனையாக மாற்றியது. இடைவெளி மூன்று மாதத்துக்கும் குறைவு. இரண்டு நீதிமன்றங்களே தவறவிட்ட இடத்தில், அட்டவணையை மட்டும் நம்பிய ஒரு தகப்பனார் தவறுவதில் வியப்பில்லை. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தினர் இதே கையேட்டின் 37ஆம் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார்கள். அவர்களது வழக்கு 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சிறுமிக்கு அப்போது வயது 14. 20 ஆண்டு என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், போக்சோ பிரிவு 4இன்கீழ் அன்றைய குறைந்தபட்சம் 7 தான், அதற்கு மேல் போவது இந்திய தண்டனைச் சட்டத்தையும் குற்றம் நடந்த தேதியையும் பொறுத்தது என்று சொல்லிப் புரியவைக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

வயதைப் பற்றிய இயலைப் பொறுத்தவரை ஆசிரியரைத் தாராளமாகப் பாராட்டலாம். 16 வயதுக்கு ஒரு நாள் குறைந்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டு, ஒரு நாள் கூடினால் 10 ஆண்டு என்னும்போது, வழக்கின் எடை முழுவதும் ஒரு காகிதத்தின் மேல் வந்து நிற்கிறது. அந்தக் காகிதம் எது என்பதைக் கையேடு படிப்படியாகச் சொல்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு முதிர்ச்சிச் சோதனை. சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 94 வகுத்த இந்த வரிசையைப் பாதிக்கப்பட்ட குழந்தையின் வயதுக்கும் நீதிமன்றங்கள் பொருத்துகின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற யுவபிரகாஷ் வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று கூறிப் போக்சோ தண்டனையை ரத்து செய்ததை ஆசிரியர் நான்கு பக்கங்களுக்கு விளக்கியிருக்கிறார். நம் ஊர்களில் டி.சி. என்ற அந்த ஒற்றைத் தாளைக் கோப்பில் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஜூன் மாதத்துக்குள் பிறந்த தேதியைப் போட்டுக்கொண்ட காலத்துப் பிள்ளைகள் இன்று தாய்மார்களாக வந்து நிற்கிறார்கள். அதே அலட்சியம் இப்போது அவர்களது பிள்ளைகளின் வழக்கில் பத்து ஆண்டுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இந்த நான்கு பக்கங்களுக்காகவே காவல் நிலைய எழுத்தர்கள் இந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

அடுத்து வருவது தண்டனை குறித்த விசாரணை. இங்கே கையேடு ஒன்றரைப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறது; என் பெரிய மனக்குறை இதுதான். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 235(2). இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 258(2). நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நீதிபதி தலையை நிமிர்த்தி, "தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார். கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டு, வயதான தாயார் இருக்கிறார், குடும்பத்தில் சம்பாதிப்பது தான் ஒருவன்தான், குறைந்த தண்டனை கொடுங்கள் என்பார். தட்டச்சர் அதை மூன்று வரியில் ஏற்றுவார். அரசு சிறப்பு வழக்கறிஞர் எழுந்து அதிகபட்ச தண்டனை கேட்பார். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு ஆண்டுகள் அறிவிக்கப்படும். ஒரு மனிதனின் 20 ஆண்டுகளோ வாழ்நாளோ உயிரோ தீர்மானமாகும் பகுதி, அரை நாளில் மூன்று வரியாகச் சுருங்கிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவே, மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குற்றவாளியின் மனநிலை மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறையில் அவரது நடத்தை ஆகியவை குறித்த தகவல்களை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றத் தீர்மானத்துக்கும் தண்டனைக்கும் இடையே உண்மையான அவகாசம் தேவையா, எவ்வளவு தேவை என்ற கேள்வியை அதே ஆண்டு செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. பதிப்புரையில் 2025 என்று தேதியிட்ட புத்தகத்தில் இவை இரண்டும் இல்லை. ஆசிரியர் மரண தண்டனையை எந்த வழக்குகளில் மட்டும் விதிக்கலாம் என்பதற்கு 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கு தந்த 'அரிதினும் அரிதான' என்ற சொற்றொடரை மேற்கோள் காட்டிவிட்டு, அதன்பிறகு அந்தச் சொற்றொடர் நீதிமன்றங்களில் பட்ட பாட்டைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

அந்தப் பாட்டைச் சொல்லாததன் விளைவு மரண தண்டனை பற்றிய இயலில் தெரிகிறது. 2010இல் கோயம்புத்தூரில் அக்காளும் தம்பியுமாக இரண்டு குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் வழியில் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கைப் போக்சோ வழக்குகளின் வரிசையில் முதலாவதாக வைத்திருக்கிறார்கள். குற்றம் நடந்தபோது போக்சோ சட்டமே இல்லை. தண்டனை விதிக்கப்பட்டது இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ். தேதிப் பத்தி இல்லாத அட்டவணையின் அதே கோளாறுதான் இங்கேயும். அதைவிட முக்கியமாக, 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது ஒருமனதாக அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். குற்றவாளிதான் என்பதில் மூவருக்கும் ஐயமில்லை. நீதித்துறை நடுவரிடம் அவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கு மனம் வருந்திய அடையாளமாக மதிப்புக் கொடுத்து, முன்விடுதலைக்கு வழிவிடாத, வாழ்நாள் முழுவதும் குறைப்பில்லாத சிறையே போதும் என்று நீதிபதி சஞ்சீவ் கன்னா தனியே எழுதினார். அந்த வாக்குமூலத்திலிருந்து பின்னர் பின்வாங்க முயன்றவருக்கு வருத்தம் எங்கே என்று மற்ற இருவரும் கேட்டார்கள். ஒரே வாக்குமூலத்தை மூன்று பேர் இரண்டு விதமாக எடைபோட்ட இந்த இடம், தண்டனை எப்படி முடிவாகிறது என்பதைக் காட்ட ஆசிரியருக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. 'உறுதி செய்யப்பட்டது' என்ற இரண்டு சொற்களோடு அவர் அதைக் கடந்துபோகிறார்.

அதே பட்டியலில், 2022 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பப்பு என்பவரின் வழக்கும் இருக்கிறது. ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட அந்த வழக்கில் மரண தண்டனை, 30 ஆண்டுகளுக்குக் குறைப்பில்லாத ஆயுள் தண்டனையாக மாறியது. அதற்கு முந்தைய நாள் வந்த நவாபுதீன் வழக்கில், நான்கு வயதுக் குழந்தைக்கு எதிரான குற்றத்துக்கு இரக்கமே காட்டக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதிய உச்ச நீதிமன்றம், குற்றவாளி எழுபதைத் தாண்டிய முதியவர், காசநோயாளி என்பதைக் கருதி ஆயுள் தண்டனையை 15 ஆண்டாகக் குறைத்தது. இவற்றைப் படிக்கும் சாதாரண வாசகர், ஏன் இப்படி மாறிமாறி வருகிறது என்று கேட்பார். நேர்மையான பதில், நம்மிடம் தண்டனை விதிப்பதற்கு எழுதப்பட்ட அளவுகோல் கிடையாது என்பதே. இங்கிலாந்தில் குற்றத்தின் கேடு இவ்வளவு, குற்றவாளியின் பொறுப்பு இவ்வளவு என்று படிகட்டித் தொடக்கப் புள்ளியும் எல்லையும் வகுத்துக்கொடுக்கத் தனி மன்றமே இருக்கிறது. இங்கே குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடைப்பட்ட பெருவெளியில் நீதிபதியின் மனச்சாட்சியும் மேல் நீதிமன்றங்களின் முன்தீர்ப்புகளும் மட்டுமே வழித்துணை. ஆசிரியர் இதை ஒப்புக்கொண்டிருந்தால் புத்தகத்தின் மதிப்பு கூடியிருக்கும், குறைந்திருக்காது.

சென்னை முகலிவாக்கத்தில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கை 'விரைவு நீதிக்கு எடுத்துக்காட்டு' என்று ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. புத்தகம் அச்சான பிறகு, 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சியச் சங்கிலி நிரூபணமாகவில்லை என்று கூறித் தண்டனை பெற்றவரை விடுதலை செய்தது. எதிர்த்தரப்புக்கு முறையான வாய்ப்புக் கொடுக்கப்படாததையும், தீர்ப்பு நாளிலேயே தண்டனை அறிவித்ததையும் குறை கூறியது. பின்னால் வந்த தீர்ப்பை முன்கூட்டி அச்சிட முடியாது என்பதால் இதற்காகப் பதிப்பகத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 13 நாளில் முடிந்த விசாரணையை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தயாராகக் குறைந்தது 7 நாளாவது கொடுங்கள் என்று 2019 டிசம்பரிலேயே அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைப் படித்திருந்தால் வேகத்தையே தகுதியாக்கும் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கத் தோன்றாது.

ஆயுள் தண்டனையை எண்ணும் முறை பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது. 'நான்கு ஆயுள்', 'மொத்தம் 90 ஆண்டு' என்று நாளிதழ்களில் வரும் தலைப்புகளைப் பார்த்து மலைப்பவர்களுக்கு, ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று தமிழ்நாட்டு வழக்கான முத்துராமலிங்கம் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்ததை எளிமையாக விளக்குகிறார். 'ஏக காலத்தில்' என்ற சொல்லுக்கு அவர் தந்திருக்கும் கணக்கு, மூன்று தண்டனைகளும் ஒரே நாள்காட்டியில் ஒரே நாளில் கிழிபடும் என்பது, இப்போது நானே கட்சிக்காரர்களிடம் பயன்படுத்தும் விளக்கமாகிவிட்டது. ஒரே ஒரு பிழை: இத்தனை ஆண்டுக்குக் குறைப்பு கிடையாது என்று எண்ணிக்கை சொல்லும் ஆயுள் தண்டனையை விசாரணை நீதிமன்றமும் விதிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். 2015ஆம் ஆண்டு ஸ்ரீஹரன் வழக்கின்படி அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உரியது. போக்சோவின் பிரிவு 6 தானே சொல்லும் 'எஞ்சிய வாழ்நாள்' தண்டனை வேறு. அதை விசாரணை நீதிமன்றம் விதிக்கலாம். இரண்டையும் ஆசிரியர் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

பதின்பருவக் காதல் வழக்குகளை அவர் தொடவே இல்லை. எங்கள் நீதிமன்றத்தில் பட்டியலிடப்படும் வழக்குகளைப் பார்ப்பவருக்கு இது விந்தையாக இருக்கும். 17 வயதுப் பெண்ணும் 20 வயதுப் பையனும் ஊரைவிட்டுப் போன வழக்கிலும் சட்டம் அதே குறைந்தபட்ச ஆண்டுகளைத்தான் கேட்கிறது. நீதிபதிக்கு அதற்குக் கீழே இறங்க வழியில்லை. தாய்மாமனை மணந்து இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகிவிட்ட தமிழ்நாட்டுப் பெண்ணின் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கணவருக்கு விதிக்கப்பட்டிருந்த 10 ஆண்டு தண்டனையை ரத்து செய்ததும், மேற்கு வங்க வழக்கொன்றில் குற்றத் தீர்மானத்தை மீட்டுவிட்டு 2025 மே மாதம், முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பு தரும் தனி அதிகாரமான உறுப்பு 142இன்கீழ் தண்டனையே விதிக்காமல் விட்டதும், இவற்றை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான். உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அந்தக் கதவை மாவட்டத்தில் யாரும் தட்ட முடியாது என்பதையாவது ஒரு பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

இழப்பீட்டு இயல் இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி. தண்டனை என்றவுடன் சிறையாண்டுகளை மட்டுமே நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பிரிவு 4, 6 ஆகியவற்றின்கீழ் விதிக்கப்படும் அபராதம் குழந்தையின் மருத்துவச் செலவுக்கும் மறுவாழ்வுக்கும் போக வேண்டும் என்பதையும், அதற்கு மேல் பிரிவு 33(8)இன்படி தனி இழப்பீடு உண்டு என்பதையும், 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 9ஆம் விதிப்படி வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கேட்கலாம் என்பதையும் ஆசிரியர் வரிசையாகச் சொல்கிறார். குற்றவாளி அடையாளம் தெரியாமல் போனாலும், விடுதலையே ஆனாலும்கூட நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க முடியும். உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசு பணத்தைக் கொடுக்க வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போக முடியாத நாள்கள், குற்றவாளிக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, குற்றம் ஒரு முறையா தொடர்ந்தா என்பனவெல்லாம் தொகையை முடிவு செய்வதில் கருதப்படும் என்பதைச் சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் மாதிரி மனு ஒன்றையும் தமிழில் இணைத்திருக்கிறார். அந்த மனுவை நான் இரண்டு வழக்குகளில் சிறு மாற்றங்களோடு தாக்கல் செய்தேன். இரண்டிலும் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவு கிடைத்தது. 430 ரூபாய் அங்கேயே திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

தயாரிப்பைப் பற்றிச் சில சொற்கள். தாள் நன்று, எழுத்து பெரிது, தையல் கட்டு ஓராண்டு அலைச்சலுக்குப் பிறகும் பிரியவில்லை. மொழிநடை கரடுமுரடில்லாத சட்டத் தமிழ். பொருளடைவு மட்டும் பெயருக்கு இருக்கிறது: 'இழப்பீடு' என்று தேடினால் முன்னுரையின் பக்க எண்ணைக் காட்டுகிறது, இழப்பீட்டு இயலின் எண்ணைக் காட்டவில்லை. அட்டைப் படத்தில் இருட்டு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிறுமியை அடுத்த பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள். இந்தப் புத்தகத்தை ஒரு குழந்தையின் எதிரே மேசைமேல் வைக்க எனக்குக் கை வரவில்லை, செய்தித்தாளில் சுற்றித்தான் கொண்டுபோகிறேன்.

இளம் வழக்கறிஞர்களும் குழந்தைகள் நலக் குழுவில் இருப்பவர்களும் வழக்கு முழுவதும் குழந்தைக்கு உடனிருந்து உதவும் துணை நபர்களாகப் பணியாற்றுபவர்களும் வயது, இழப்பீடு ஆகிய இரண்டு இயல்களுக்காக வாங்கலாம். குடும்பத்தினர் தாங்களாகவே படித்துக்கொள்வதற்கு இப்போதைய பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது அவர்களுக்குச் செலவில்லாதது, பிழையும் குறைவு. பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்துத் தேதிப் பத்தியைப் பற்றிச் சொன்னபோது, பேசியவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, திருத்தத் தாள் ஒன்றை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே கடையில் விசாரித்தபோது வந்திருக்கவில்லை. என் பிரதியின் 37ஆம் பக்க ஓரத்தில் நான்கு தேதிகளையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்; ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.